நிற்காத விசிறி

மெயின் சுவிட்சை இறக்கியாயிற்று, பழைய பேட்டரிகளைக் கழற்றிச் சுவரோரம் அடுக்கியும் ஆயிற்று. ஆனாலும் யுபிஎஸ்ஸின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டாள். ஜன்னலில்லாத அந்தச் சின்ன அறையில், வீங்கிப்போன பேட்டரிகளின் புளித்த நெடிக்கும் சூடேறிய தூசியின் வாசனைக்கும் நடுவே, அசந்து தூங்குகிறவரின் மூச்சைப் போல, அவசரமே இல்லாமல் அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அணைத்த பிறகும் இயந்திரத்துக்குள் கொஞ்சம் மின்சாரம் தங்கும்தான். ஆனால் சில நொடிகளில் அது தீர்ந்துபோக வேண்டும். இவளோ அதற்குள் தரையைப் பெருக்கியே முடித்திருந்தாள்.

"கரண்ட் அக்கா, இன்னும் நேரமாகுமா?" வெளியே முதலாளியம்மாவின் குரல். வீட்டு வரைபடம் போட்டுத் தரும் அலுவலகம் அது. காலையிலிருந்து கம்ப்யூட்டர்கள் எல்லாம் செத்துக் கிடந்தன.

"புது பேட்டரிய மாட்டினா முடிஞ்சுதும்மா. வெளியதான வச்சிருக்கேன், எடுத்துக்கறேன்."

கதவைத் தள்ளினாள். அசையவில்லை.

காந்தப் பூட்டு. கரண்ட் இருந்தால்தான் பிடிக்கும். போனால் தானாக விட்டுவிடும். அதைப் பொருத்தியதே அவள்தான். இப்போது இந்த அறையில் கரண்ட் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. தோளைக் கொடுத்து முட்டினாள். சுவரை முட்டியது போலிருந்தது.

"அம்மா, அங்கேருந்து கொஞ்சம் இழுங்களேன்."

"இழுத்துட்டுதான் இருக்கேன். நீங்க உள்ள புடிச்சுக்கிட்டு விளையாடறீங்களா?" முதலாளியம்மா சிரித்தாள்.

அவளும் சிரிக்கப் பார்த்தாள். உதடு மரத்திருந்தது.

கீழே ஸ்கூட்டரோடு காத்திருந்த கணவனைக் கூப்பிடலாமென்று போனை எடுத்தாள். வரும்போது முழுதாய்ச் சார்ஜ் ஏற்றியிருந்த போன், கண்ணெதிரே மங்கி அணைந்தது. வேலை வெளிச்சத்துக்குத் தரையில் வைத்திருந்த டார்ச் மஞ்சளாகி, சிவந்து, அதுவும் போயிற்று. விசிறி வேகமெடுத்தது. விரல் நுனியிலிருந்து குளிர் மேலேறியது. முழங்கை. தோள். கால்கள் துவண்டு, கதவில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்தாள்.

இருட்டில் யுபிஎஸ்ஸின் திரை விழித்தது. சார்ஜ் அளவு காட்டும் பச்சைக் கோடு ஒன்று. இரண்டு. மூன்று.

"அக்கா! வந்துடுச்சு! எல்லா கம்ப்யூட்டரும் ஆன் ஆயிடுச்சு!" வெளியே கைதட்டல். "உங்க கைக்கு மோதிரம் போடணும்! மெதுவாவே வாங்க, நான் அவசரமா ஒண்ணு அனுப்பணும்."

இல்லை என்று கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். காற்றுகூட வரவில்லை.

செருப்புச் சத்தம் தள்ளிப் போயிற்று. நாற்காலி இழுபட்டது. யாரோ தட்டச்சு செய்தார்கள்.

தரையில் ஏதோ உரசியது.

பேட்டரியிலிருந்து கழற்றிப் போட்ட கேபிள்கள். சிவப்பு ஒன்று. கறுப்பு ஒன்று. அவளை நோக்கி.

திரையின் வெளிச்சத்தில் அவற்றின் செப்பு முனைகள் பளபளத்தன. ஒன்று அவள் இடது மணிக்கட்டில் ஏறி, நாடி பார்ப்பது போல இதமாக அமர்ந்தது. இன்னொன்று வலது கையைத் தேடியது.

கண்டுபிடித்தது.

வெளியே பிரிண்டர் ஓடத் தொடங்கியது. உள்ளே, பச்சைக் கோடுகளில் ஒன்று அணைந்தது.