போயிட்டு வா

வண்டி காலியாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் பின்சீட்டின் பெல்ட் மாட்டியிருந்தது.

சுகன்யா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். இடப்பக்கத்து பெல்ட் வழக்கம்போல் சுருண்டு தொங்கியது. வலப்பக்கத்தது குறுக்கே இழுபட்டு, கொக்கியில் பதிந்து, சீட்டிலிருந்து ஒரு சாண் விலகி விறைப்பாக நின்றது. ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படி நிற்குமோ அப்படி. கதவைத் திறந்ததும் தொய்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து மக்கிய இலையும் காளானுமாக ஒரு வாடை வந்தது. மூன்று நாளாக இதே கதைதான்.

கூக்கால் ஏரிக்கு மேலே இருக்கும் காட்டேஜில் சமையலும் காவலும் அவளுக்குத்தான். கோயம்புத்தூர் முதலாளி போன மாதம் இந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கரண்டில் ஓடும், ஓட்ட ஆள் வேண்டாம், வாயால் சொன்னால் கொடைக்கானல் போய் விருந்தாளிகளை ஏற்றி இறக்கும். எஞ்சின் சத்தம் என்று ஒன்று கிடையாது. சரளைக்கல் நெரிபடுகிற சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். "முன்சீட்டுல ஒரு பூசணிக்காயவாச்சும் தூக்கி வையி, ஆளு இருக்காப்புல இருக்கும்" என்று அவள் புருஷன் பாலமுருகன் கேலி செய்வான்.

கொடைக்கானலில் இருந்த கம்பெனிக்காரப் பையன் தண்டாயுதபாணிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, இன்னைக்கும் பெல்ட்டு மாட்டிக் கெடக்கு."

"பனி ஈரத்துக்கு சென்சார் கோளாறு பண்ணும்க்கா. இருங்க, பாக்குறேன்." கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம். "வண்டிய அனுப்புறப்ப என்னக்கா சொல்லுவீங்க?"

"போயிட்டு வான்னுதான்."

அவன் சிரித்தான். "அதான் சங்கதி. போன்னு சொன்னா சொன்ன சோலிய மட்டும் பாத்துட்டு நேரா வந்துரும். போயிட்டு வான்னா அது வேற கணக்கு. திரும்பி வர்றப்ப வழியில நிக்கிற ஆளுகளயும் ஏத்திக்கிரும். மூணு நாளும் சோலைக்காட்டு வளைவுல நின்னுட்டுத்தான் வந்திருக்கு."

"அங்கன ஆரு தம்பி நிக்கப்போறா? வீடு வாசல் ஒண்ணுங் கெடையாதே."

"ஆளு இல்லக்கா, சென்சார். இனிமே போன்னு மட்டும் சொல்லுங்க."

சொல்வது சுலபம். வீட்டை விட்டுக் கிளம்புகிற எதையும் பார்த்து ‘போ’ என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. சண்டை போட்டுக்கொண்டு கிளம்பும் புருஷனிடம்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு ‘போயிட்டு வாங்க’ என்பவள் அவள்.

மூன்றரை மணிக்கு மன்னவனூர் பள்ளிக்கூடத்திலிருந்து சின்னத்தாயி டீச்சர் கூப்பிட்டார். பஸ் பூம்பாறையிலேயே படுத்துவிட்டதாம், சுசித்ராவை அழைத்துப்போக யாராவது வர வேண்டுமாம். பாலமுருகனோ பூண்டு லோடோடு வடுகபட்டிச் சந்தையில் இருந்தான். சுசித்ராவுக்கு ஏழு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. சுகன்யா தயங்கித் தயங்கி முதலாளியைக் கேட்டாள்.

"நம்ம வண்டியவே அனுப்பும்மா" என்றார் அவர். "ஆளு ஓட்டறத விட அது பத்திரம். குழந்தை தனியா இருந்தா பூட்டிக்கும், வீடு வர்ற வரைக்கும் உள்ளேருந்து திறக்க முடியாது. பெரியவங்க கூட இருந்தாத்தான் பூட்டு விடும்."

அந்த வார்த்தை அவளுக்குப் பெரிய தெம்பாக இருந்தது. வண்டிக்கு அருகே போய், "மன்னவனூர் பள்ளிக்கூடம்" என்றாள். அடுத்து ‘போ’ என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். பெற்ற பிள்ளையை ஏற்றிவரக் கிளம்புகிற வண்டி. அதைப் பார்த்து எப்படி அந்தச் சொல்லைச் சொல்வது? நாக்கு எழவில்லை.

"போயிட்டு வா, சாமி."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்குள் வண்டி கேட்டைத் தாண்டியிருந்தது. சரி, வெறும் சென்சார்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஏரியிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. முதலில் தண்ணீர் மறைந்தது, பிறகு பூண்டு வயலின் வரப்புகள், பிறகு வேலியோரத்துப் பேரிக்காய் மரங்கள். நாலரை மணிக்கே அடுப்படியில் லைட்டைப் போட வேண்டியிருந்தது, தகரக்கூரையிலிருந்து சொட்டுகிற ஒவ்வொரு துளிக்கும் வாசலில் சரளை நெரிவதுபோல் அவளுக்குக் கேட்டது. போன் மினுங்கியது. ‘பயணி: 1. குழந்தை. கதவு பூட்டப்பட்டது.’ அப்பாடா என்று மூச்சு விட்டு, பிள்ளைக்குப் பாலைச் சுட வைத்தாள்.

பால் பொங்குவதற்குள் போன் அடித்தது. வண்டிக்குள்ளிருந்து சுசித்ரா.

"அம்மா, வண்டி நின்னுருச்சு."

"எங்கனடி?"

"தெரியல. மரமா இருக்கு. கதவு தொறக்குது."

"நீ எறங்காத. சீட்ட விட்டு அசையாத."

"ஒருத்தவங்க ஏறுறாங்கம்மா."

"யாருடி? ஆம்பளையா, பொம்பளையா?"

இலையில் பனி சொட்டும் சத்தம் மட்டும் போனில் கேட்டது. பிறகு பிள்ளை ரகசியம் பேசுவதுபோல் சொன்னாள்:

"குனிஞ்சு ஏறுறாங்கம்மா. ரொம்பக் குனிஞ்சு. இன்னும் உள்ள வந்து முடியல."

பெல்ட் கொக்கியில் விழும் சத்தம் கேட்டது. லைன் போய்விட்டது.

போனில் எழுத்து வந்தது. ‘பயணிகள்: 2. பெரியவர் உடன் இருக்கிறார். குழந்தைப் பூட்டு நீக்கப்பட்டது.’

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. அவள் தண்டாயுதபாணியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, வண்டிய நிறுத்து! எம்பிள்ள உள்ள இருக்கா!"

"பதறாதீங்கக்கா. கேமராவுல பாக்குறேன். வலது சீட்டுல வெயிட்டே காட்டல, காலிதான். பாப்பா இடது பக்கம்…" நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அக்கா. பாப்பா யார்கிட்டயோ பேசுது."

"யார்கிட்ட?"

"அண்ணாந்து பாத்துப் பேசுதுக்கா. வண்டிக் கூரையப் பாத்து." சாவிக்கொத்து குலுங்கியது. "வெரசா கெளம்புங்க. நானும் வாரேன்."

ஓடினாள். செருப்பு எங்கேயோ கழன்றது. சேலை காலைத் தட்டியது. பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. யூகலிப்டஸ் வாசனை. ஈர மண். தன் மூச்சிரைப்பு. முருகா, பிள்ளையைக் கொடுத்துரு, வேற எதுவும் கேக்க மாட்டேன், முருகா. ஏற்றத்தில் நெஞ்சு அடைத்தது. நிற்கவில்லை.

எதிரே சரளை நெரிந்தது.

இரண்டு விளக்குகள் பனியைக் கிழித்து வந்தன. வண்டி அவள் முன்னால் நின்றது. பின்கதவைப் பிடித்து இழுத்தாள்.

காலி.

இடது சீட்டில் இன்னும் சூடு இருந்தது. வலது சீட்டில் கையை வைத்தாள். பனிக்கட்டி. போன் மினுங்கியது. ‘இருவரும் பத்திரமாக இறங்கினர்.’

அவளிடமிருந்து வந்தது அழுகையா கத்தலா என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே விழுந்தாள். "எம்பிள்ளைய எங்க எறக்குன? அங்கன போ! போ! போ!"

வண்டி திரும்பியது.

அவசரமே இல்லாமல் ஓடியது. ஒரு வளைவு. ஓரத்தில் குழி கண்டு ஒதுங்கியது. இன்னொரு வளைவு. வேகம் குறைத்தது. எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு கவனம். அவள் முன்சீட்டை அறைந்தாள். மரங்கள் நெருங்கி வந்தன. வெளிச்சம் சுருங்கியது.

வண்டி நின்றது. கதவு தானாகத் திறந்தது.

சொட்டு. சொட்டு. வேறு சத்தமில்லை.

இருபதடி தள்ளி, வண்டி விளக்கின் வெளிச்சத்தில், சோலைக்குள் நுழையும் தடத்தில் சுசித்ரா. முதுகு தெரிந்தது. ரெட்டைச் சடை. புத்தகப்பை.

"சுசி!"

திரும்பவில்லை.

வலது கை மேலே போயிருந்தது. பெரியவர் கையைப் பிடித்து நடக்கிற பிள்ளையின் கை. ஆனால் முழங்கை மடங்கவில்லை. தோள் காதைத் தொட்டது. விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. அதற்கு மேலே வெறும் பனி.

"சுசி… அம்மாடி…"

பிள்ளையின் குதிகால்கள் எழும்பின. பிறகு கால்விரல் நுனிகள்.

அந்தச் சின்ன ஷூக்கள் இரண்டும் தரையில் படாமல், ஒன்றன்பின் ஒன்றாக, காட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தன.