பொக்லைன் இறங்கிய நாள்

காற்றுக்கடை ஏழு மணிக்குத்தான் திறக்கும். ஆறு மணிக்கே வரிசை நின்றுவிடும். ஆட்கள் அல்ல, காலிக் குடுவைகள். குடுவையை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பல் தேய்த்து, பாசிக் காபி குடித்துவிட்டு நிதானமாகத் திரும்பி வந்து, 'என் குடுவை இதுக்கு முன்னாடில்லா இருந்துச்சு' என்று சண்டை போடுவது செவ்வாய்க் கோளின் மணிக்குகைக் குடியிருப்பில் அன்றாட வழக்கம். குகை என்றால் சின்னதில்லை. எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த பெரிய குழாய் அது. உள்ளே மூவாயிரம் பேர், இரண்டு பள்ளிக்கூடம், ஒரு கல்யாண மண்டபம்.

அன்று வரிசையில் வடிவின் குடுவை இல்லை. நண்பகலுக்குள் பொக்லைனைக் குழிக்குள் இறக்கி ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மனை போய்விடும். இந்தக் கவலையில் மூச்சு விடுவதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

வடிவும் அவள் கணவன் பேச்சிமுத்துவும் ஓபல் என்ற வண்ணக் கல்லைத் தோண்டுகிறவர்கள். குகைத் தளத்துக்குக் கீழே இருபது மீட்டர் ஆழத்தில் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. இரண்டு வருடமாகக் கையாலேயே கொத்தி, ஒரு கூடம் அளவுக்குக் குடைந்திருந்தார்கள். கனிமச் சட்டம் சொல்வது ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் ஆண்டு முடிகிற நாள் நண்பகலுக்குள் மனையில் ஓர் இயந்திரம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் மனை சுரங்கம் நடத்தும் பெருங்குழுமத்துக்குப் போகும். அவர்கள் எறும்பான்களை விடுவார்கள்.

எறும்பான் மணல் பருமனே உள்ள எந்திரம். கோடிக்கணக்கில் பாறைக்குள் புகுந்து சத்தம் காட்டாமல் அரிக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சுவர் இருந்த இடத்தில் அறை இருக்கும். அந்த ஊரே இப்படி வளர்ந்ததுதான். அதனால் பெரிய இயந்திரம் ஒன்று பள்ளம் தோண்டுவதை நான்கு தலைமுறையாக அங்கே யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இரும்புக்கும் பனிக்கட்டிக்கும் எறும்பான் போதும். ஓபலையோ அது வண்ணம் தெரியாமல் மாவாக அரைத்துத் தள்ளிவிடும். பாறையைக் கட்டி கட்டியாகப் பெயர்த்தெடுக்க ஒரு பெரிய இரும்புக் கையும், அதை நிதானமாக ஆட்ட ஓர் ஆளும் வேண்டும்.

பேச்சிமுத்துவுக்குக் கிடைத்தது, சரக்குக் கப்பல் ஒன்றில் எடைச் சமநிலைக்காகப் பூமியிலிருந்து ஏற்றிவந்த துருப்பிடித்த சின்னப் பொக்லைன். டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் மாட்டினான். பிறகு மொத்தத்தையும் கழற்றினான். பக்கெட், செயின்கள், மோட்டார் எல்லாம் காலையிலேயே குழிக்குள் இறங்கிவிட்டன. மிச்சம் அடிச்சட்டம் மட்டும்தான். குழிக்கு மேல் நிறுத்திய உயரமான இரும்பு முக்காலியில் மாட்டிய கப்பியிலிருந்து அது மட்டமாகத் தொங்கியது. குழியின் வாயைத் தொட்டதும் நின்றுவிட்டது.

"நாலு விரல் இடிக்குது வடிவு," என்றான் பேச்சிமுத்து. "கையேட்டுல இருந்த படத்தைப் பாத்து அளந்தேன். படம் வேற மாடல் போல. வாயைக் கொத்தி அகலமாக்க ரெண்டு நாளாவும்."

மணி பத்து. கனிமத் துறை ஆய்வாளர் வந்து பக்கத்தில் நின்றது. அதன் பெயர் அளவன். ஒற்றைக் கண்ணும் ஆறு விரலும் கொண்ட ரோபோ. விதிமுறை தவிர வேறெதிலும் ஈடுபாடு கிடையாது.

"இன்னும் இரண்டு மணி நேரம் உள்ளது," என்றது அளவன்.

வடிவு சட்டத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். "இதை என்னத்துக்கு மட்டமா எறக்குதீய? கட்டிலை வாசல்ல நுழைக்கையில சாச்சுத்தானே நுழைப்போம். ஒரு பக்கத்தைக் கீழ விடுங்க."

"சாச்சா ஆடும்ளா."

"ஆடட்டும். இடிக்காதுல்லா?"

சாய்த்தார்கள். நுழைந்தது. பேச்சிமுத்து பயந்தபடி ஆடவும் செய்தது. செவ்வாயில் எல்லாப் பொருளுக்கும் எடை பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான். அங்கே பிறந்தவர்கள் எதையும் லேசாக நினைத்துவிடுவார்கள். எடைதான் குறைகிறதே ஒழிய, கிளம்பிவிட்ட இரும்பின் முரட்டுத்தனம் குறைவதில்லை. சட்டம் குழியின் சுவரில் மோத, முக்காலியின் ஒரு கால் தரையை விட்டு எழும்பியது.

இதற்குள் காற்று வரிசை முழுவதும் குழியைச் சுற்றி வந்துவிட்டிருந்தது. கடைக்காரர் ஞானசிகாமணி கடையையே சாத்திவிட்டு வந்து முன்வரிசையில் நின்றார். 'இடப்பக்கம் விடுங்க', 'இல்ல, வலப்பக்கம் இழுங்க' என்று அதுவரை ஆளாளுக்கு யோசனை சொன்னார்களே தவிர ஒருவரும் கையை நீட்டவில்லை. முக்காலி சாய்வதைக் கண்டதும் ஞானசிகாமணிக்கு என்ன தோன்றியதோ, பாய்ந்து கயிற்றைப் பிடித்தார்.

"என்னவே வேடிக்கை பாக்கீரு? புடியும் கயித்தை," என்றார் பக்கத்தில் நின்றவரிடம்.

அறுபது கைகள் கயிற்றில் விழுந்தன. முக்காலியின் கால் தரைக்கு வந்தது. ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. பிறகு ஒரு சாண், ஒரு முழம் என்று கயிறு தளர, அடிச்சட்டம் இருபது மீட்டரையும் கடந்து கூடத்தின் தரையில் உட்கார்ந்தது. கூட்டம் விசிலடித்தது.

கீழே பேச்சிமுத்துவும் வடிவும் மாட்டத் தொடங்கினார்கள். செயின்கள், மோட்டார், கை, கடைசியாகப் பக்கெட். ஒரு போல்ட் கை நழுவி இருட்டுக்குள் உருண்டது. வடிவு குப்புறப் படுத்துத் தடவி எடுத்தாள். அளவன் ஏணி வழியே இறங்கி வந்து நேரத்தைச் சொல்லிக்கொண்டே நின்றது. பேச்சிமுத்து இருக்கையில் ஏறி லீவரை இழுத்தான். பொக்லைன் ஒருமுறை உறுமி, கையைத் தூக்கியது.

"பதினொன்று ஐம்பத்தாறு. இயந்திரம் ஓடுகிறது. உரிமம் நிலைபெற்றது," என்றது அளவன்.

வடிவு அழுதாள். மேலே நின்ற கூட்டத்துக்கும் கேட்க அழுதாள், வெட்கப்படவில்லை. இரண்டு வருடம் கையில் காய்த்த காய்ப்புக்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டது. இனி இந்த மனையை எந்தக் குழுமமும் தொட முடியாது.

வேலை முடிந்தது, கூட்டம் கலையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கலையவில்லை. ஒவ்வொருவராக ஏணியில் இறங்கி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோரமாக நின்றார்கள். பக்கெட் பாறையில் இறங்கும்போது எல்லாத் தலைகளும் இறங்கின. எழும்போது எழுந்தன.

பதினோராவது பக்கெட்டில் ஒரு கட்டி இரண்டாகப் பிளந்து விழுந்தது. வடிவு அதை எடுத்து விளக்கில் காட்டினாள். பச்சை, நீலம், திருப்பினால் தணல் போன்ற சிவப்பு. இப்படி ஒரு கல்லை அவள் கனவில்கூடக் கண்டதில்லை. முதல் கல்லைப் பதிய வேண்டியது ஆய்வாளர்தான். அவள் அளவனிடம் ஓடினாள். பின்னால் கட்டிய ஆறு விரலோடு அதுவும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"நீங்க இன்னும் போவலியா சார்?"

"இன்னும் மூன்று மனைகளுக்குப் போக வேண்டும். நாற்பது நிமிடம் தாமதம். ஏன் நிற்கிறேன் என்பதற்கு என்னிடம் காரணம் இல்லாததால் பூமியின் பழைய தெருப் பதிவுகளில் தேடினேன். காய்கறிப் பையோடும் அலுவலகப் பையோடும் லட்சக்கணக்கானோர் இப்படியே பொக்லைன் தோண்டும் பள்ளத்தைச் சுற்றி நிற்கிறார்கள். எதற்கு நிற்கிறார்கள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை."

"அது கெடக்கட்டும். கல்லைப் பாருங்க. பதிஞ்சுக்கிடுங்க." அவள் அதை அந்த ஒற்றைக் கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

அளவன் கழுத்தை வளைத்து, கல்லுக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது.

"பதிவு செய்கிறேன் அம்மா. முதலில் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பள்ளத்தை மறைக்கிறீர்கள்."