ஏழாவது ஷரத்து

வெப்பக் காற்று வரும் தரையோரக் கம்பித் துவாரத்தின் மேல் கையை வைத்தால் சுட்டது. ஓர் அடி தள்ளி வைத்தால் ஐஸ்பெட்டிக்குள் விட்டது போலிருந்தது. வெர்னிட்டா மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டாள். கீழறையில் ஹீட்டர் நன்றாகத்தான் உறுமிக்கொண்டிருந்தது, சூடேறிய தகரமும் பழைய தூசியும் கலந்த அந்த வாசனைகூட வழக்கம்போல வந்துகொண்டிருந்தது, ஆனால் சூடு மட்டும் துவாரத்தை விட்டு வெளியே வந்ததும் எங்கோ காணாமல் போய்க்கொண்டிருந்தது.

மணி நாலுதான். ஜனவரியில் மினியாபொலிஸில் அதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். காலையிலிருந்து பனிப்புயல் வேறு. கறுப்பினத் தலைவர் கிங்கின் பிறந்தநாள் என்பதால் பள்ளி விடுமுறை. ஐந்து வயது மகள் கேசியா, காய்ச்சல் விட்டும் விடாத உடம்போடு சோபாவில் இரண்டு கம்பளிக்குள் கிடந்தாள். எல்லாரும் சமம், எல்லாருக்கும் எல்லாக் கதவும் திறக்கும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்ததை மத்தியானம் வரை ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தவள் இப்போது வாயே திறக்கவில்லை. உதடு வெளிறியிருந்தது.

நகரப் பேருந்து ஓட்டும் கணவன் க்ளிஃப்டனுக்கு ஃபோன் செய்தாள். இருந்த ஒரே காரையும் அவன்தான் கொண்டுபோயிருந்தான். பணிமனையை விட்டு ஒரு வண்டியும் நகரவில்லை, காலையில் வந்து சேர்ந்தாலே பெரிது என்றான். ஹீட்டர் பழுது பார்ப்பவனுக்குப் புயல் நிற்க வேண்டுமாம். ஆம்புலன்ஸுக்கு அழைத்தாள். வரிசையில் இருக்கிறீர்கள் என்று ஒரு பெண் மிக இதமாகச் சொன்னாள்.

குழந்தைக்குப் பால் காய்ச்சலாம் என்று சமையலறைக்குப் போய், கிடந்த பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தபோது முதுகில் இளஞ்சூடு பரவியது. அப்பாடா என்றிருந்தது. ஓடிப்போய் மகளைத் தூக்கிவந்து நாற்காலியில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சூடு போய்விட்டது. குழாயோரம் நின்ற நீர்த்துளி அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறைந்து வெண்மையானது.

இனிப் பொறுக்க முடியாது. பக்கத்து வீட்டு லிண்டா ஹால்வர்சன் தங்கமான மனுஷி. குடிவந்த அன்றே எலுமிச்சை கேக்கோடு வந்து, "எப்ப வேணும்னாலும் கதவைத் தட்டுங்க, கூச்சமே படாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டவள். அவள் வாசலில் எல்லா இனத்தவரையும் வரவேற்கும் வண்ணப்பலகை ஒன்று வருஷம் பூரா நிற்கும். வெர்னிட்டா மகளைக் கம்பளியோடு மார்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள். முழங்காலளவு பனி. பலகையின் மேல்விளிம்பு மட்டும் தெரிந்தது.

மணியை அழுத்தினாள். உள்ளே பியானோ நின்றது. திரைச்சீலை ஒரு விரல் அகலம் விலகியது. தான் யார் என்று தெரியட்டுமே என்று, குளிரைப் பொருட்படுத்தாமல் கோட்டின் தலைமூடியை இறக்கி முகத்தைக் காட்டினாள்.

வாசல் விளக்கு அணைந்தது.

கோபம் வரவில்லை. ஏனோ வெட்கம்தான் வந்தது. இன்னொரு தடவை அழுத்தினால் போலீஸைக் கூப்பிடுவார்கள் என்ற பயமும் வந்தது. திரும்பி நடந்தாள்.

தன் வீட்டு முன்கதவில் சாவி சுலபமாகத் திரும்பியது. கதவு அசையவில்லை. தோளால் முட்டினாள். உள்ளிருந்தும் ஒரு தோள் முட்டிக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டு போனாள். பெயிண்ட் இறுகி, வாங்கிய நாளிலிருந்து திறக்கவே வராத பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு. சோப்பு வாசனை.

அப்போதுதான் அந்தக் காகிதம் ஞாபகம் வந்தது. வீட்டுப் பத்திரத்தில் ஏழாவது ஷரத்து, எண்பது வருஷத்துக்கு முன் எழுதியது. கறுப்பர் எவரும் இவ்வீட்டில் குடியிருக்கலாகாது, வீட்டு வேலைக்காரர் நீங்கலாக. வீட்டை வாங்கிய அன்று, பதிவு செய்த அலுவலர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"அது செத்த எழுத்து மேடம். அறுபத்தெட்டுலயே சட்டம் போட்டு அடிச்சாச்சு. வேணும்னா ஒரு மனு குடுக்கலாம். ஆனா பழைய எழுத்து அங்கேயேதான் இருக்கும்."

"அப்ப நீ பாத்திரம் கழுவு வெர்னி, நான் வாசல்ல நிக்கிறேன்" என்றான் க்ளிஃப்டன். மூவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

மகளை நாற்காலியில் சாய்த்துவிட்டு அடுப்புமேடையைத் துடைத்தாள். சூடு. கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். கழுத்தில் வியர்வை. திரும்பினாள். கேசியாவின் இமையில் வெண்துகள். மூச்சு புகையாக வந்தது. பிறகு புகையும் மெலிந்தது.

புரிந்துவிட்டது. புரிந்ததுதான் தாங்கவில்லை. அவளுடைய அம்மா ஊரார் வீட்டுத் தரையைத் துடைத்துத்தான் அவளை நர்ஸுக்குப் படிக்கவைத்தாள். மகள் கையில் அந்தத் துணி படவே கூடாது என்றுதான் இரண்டு இடத்தில் வேலை பார்த்து இந்த வீட்டை வாங்கியிருந்தாள்.

துணியைப் பிழிந்தாள். மகளைத் தரையில் இறக்கினாள். சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். துணியை வைத்தாள். மேலே தன் கையை வைத்து மூடினாள். ஒரு வட்டம். இன்னொரு வட்டம்.

விரல்நுனியில் சூடு. மணிக்கட்டில். பிறகு கன்னத்தில்.

கேசியா கண்ணைத் திறந்தாள். "அம்மா, தூக்கம் வருது."

"தூங்காத கண்ணு. தொடைச்சிட்டே இரு."

"அழுக்கே இல்லியேம்மா."

"இருக்கு. தொடைச்சிட்டே இரு."

அழுதுகொண்டேதான் சொன்னாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மகளின் தலை அவள் மடியில் சரிந்தது. மேலே மூடியிருந்த வெர்னிட்டாவின் கையும் மரத்துப்போய் நழுவியது. குளிருக்குக் காத்திருந்தாள்.

குளிர் வரவில்லை. சமையலறை இதமாக இருந்தது. கேசியா நன்றாகத் தூங்கினாள். மூச்சு சீராக இருந்தது. வலது கை மட்டும் தரையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

வெர்னிட்டா இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை.