அவர் பதிப்பிக்காத நாவல்

பஞ்சாபகேசன் காபியைத் தொடவில்லை. மனைவி நாகலக்ஷ்மி மறுபடி சூடு பண்ணி வைத்ததும் அப்படியே ஆறிப்போயிற்று.

முந்தின நாள் பழவங்காடியில் காகிதக் கடை பூதலிங்கம் அவரிடம், "உங்க வீட்டம்மா நாவலை என் மருமவ போன்ல வாசிச்சு அழுதுட்டா, கேட்டேளா? கொள்ளாம், நல்லாருக்கு" என்று சொல்லியிருந்தார். அதிலிருந்து மனுஷர் வாய் திறக்கவில்லை.

கிழக்கேகோட்டையில் பதிப்பகம் நடத்துகிறவர் அவர். வந்த எழுத்தாளர்களுக்கெல்லாம் இலை போட்டவள் நாகலக்ஷ்மி. ஆளில்லாமல் பதிப்பகம் தள்ளாடியபோது பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்சல் கட்டியவளும் அவள்தான். நடுவில் பொன்முடி எஸ்டேட் பெண்களைப் பற்றி அவளும் ஒரு நாவல் எழுதிக் கொடுத்தாள். "பார்க்கலாம்" என்று வாங்கி அலமாரியில் வைத்தார். அதோடு சரி. இப்போது மகள் ஜானவி அம்மாவைக் கேட்டு, அவரிடம் சொல்லாமல் அதை மின்னூலாகப் போட்டுவிட்டாள்.

"நான்தான் ஏத்தினேன்ப்பா. இப்ப எல்லாரும் ஸ்வந்தமாத்தான் போடறா" என்றாள் ஜானவி.

"எல்லாரும் போடட்டும். என் ஆத்துக்காரி போடலாமா? பூதலிங்கம் முன்னாடி முழிச்சுண்டு நின்னேன்."

துரோகம் பண்ணிவிட்டோமோ என்று நாகலக்ஷ்மிக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்டாள்.

"உங்ககிட்டதானே முதல்ல கொடுத்தேன்... நன்னா இல்லேன்னுதானே பேசாம இருந்தேள்?"

அவர் தலை குனிந்தது. "நான் வாசிக்கவே இல்லை, லக்ஷ்மி. நன்னா இல்லேன்னா உன்கிட்ட எப்படிச் சொல்றது? நன்னா இருந்து போட்டா, பொண்டாட்டி புஸ்தகம்னு ஊர் சிரிக்கும். பயந்துண்டு பிரிக்கவே இல்லை."

தனக்கு எழுத வராது என்று நம்பியல்லவா அவள் பேனாவையே ஒதுக்கி வைத்தாள்! நிம்மதியும் கோபமும் சேர்ந்தே வந்தன. ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் அவர் ஜானவியின் போனோடு வந்து நின்றார். வாசித்து வாசித்துக் கண் சிவந்திருந்தது.

"உன் நாவல்ல பேச்சி புருஷன் மண் சரிஞ்சு செத்துப்போறான். அப்புறம் விதுராவிலேர்ந்து பஸ் ஏறி வரான். செத்தவன் எப்படிடீ வந்தான்?"

நாகலக்ஷ்மி விழித்தாள். "மறந்துட்டேன் போலிருக்கு..."

"போடறதுக்கு முன்னாடி யாருமே பார்க்கலையா?"

"பார்க்க யார் இருந்தா?"

அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "அச்சடிக்க நான் வேண்டாம், விக்க நான் வேண்டாம். இனிமே நான் எதுக்குன்னுதான் ராத்திரியெல்லாம் தோணித்து."

"வெளியிட நீங்க வேண்டாம்னாலும்" என்றாள் அவள். "வாசிக்க நீங்க வேணும். அப்பவும் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது."

"மன்னிச்சுடு" என்று அவள் கையைப் பற்றிக்கொண்டார். அவர் தோளில் சாய்ந்து அழுதாள். கோபம் போய்விட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. சற்றுப் பொறுத்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் அத்தியாயத்திலிருந்து அவளுக்குக் கேட்கும்படி வாசிக்கத் தொடங்கினார்.