கதவின் அடிப்பக்கம்

தட்டல் கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. முழங்காலுக்கும் கீழே, நாய் சுரண்டுகிற உயரத்தில். கெசையா கையில் கரண்டியோடு அடுப்பருகே அப்படியே நின்றுவிட்டாள்.

சாயங்காலத்திலேயே இருட்டிப்போகிற நவம்பர் மாதம். ஈரக் கரி புகைகிற வாடையும், கூரை வைக்கோலிலிருந்து பனி சொட்டுகிற சத்தமும் தவிர அந்தச் சந்தில் வேறெதுவும் இல்லை.

"ஏங்க, கேட்டுச்சா?"

கணவன் ஜேபஸ் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் காதுலதான் பேய் குடியிருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

கான்ஸ்டபிள் டல்லி உயிரோடு இருந்தவரை தினமும் பொழுது சாய்ந்ததும் ரோந்து வருவார். தடியால் மேல்பலகையில் ஒரு தட்டு. உள்ளேயிருந்து "எல்லாம் நலம், ஐயா" என்று குரல் கொடுத்தால் போதும், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். யாரும் எழுந்துபோய்க் கதவைத் திறப்பதில்லை. அந்தக் குளிரில் யார் திறப்பார்கள்?

அவர் கடைசியாக வந்த ராத்திரியும் கெசையா குரல்தான் கொடுத்தாள். சட்டியில், துரையின் காட்டிலிருந்து ஜேபஸ் திருடிவந்த முயல் வெந்துகொண்டிருந்தது. பிடிபட்டால் மறுபடியும் ஜெயில். தட்டல் தாழ்வாக, தடியில்லாமல், வெறும் உள்ளங்கையால் வந்தது. கூடவே ஒரு மூச்சு, தொண்டைக்குள் ஏதோ கொப்பளிக்கிற மூச்சு. அவளுக்குப் புரிந்தது. சத்தியமாகப் புரிந்தது. புரிந்துதான் சொன்னாள், "எல்லாம் நலம், ஐயா."

விடியும் முன்பே ஈரத்துணியால் கதவைத் துடைத்துவிட்டாள். டல்லி சந்தின் கோடியில், பள்ளத்தில், மண்டை பிளந்து கிடந்தார். அடித்தது யாரென்று இன்றுவரை தெரியாது. டவுனிலிருந்து வந்த இன்ஸ்பெக்டரிடம் சந்தே ஒரே வாயாக, எதுவும் கேட்கவில்லை என்று சாதித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடக்கம் முடிந்து சர்ச் வாசலில் டல்லியின் மனைவி ஹானா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுல வெளிச்சம் இருந்திருக்குமே கெசையா, அவரு தட்டலையாம்மா?" என்று கேட்டாள். "இல்லையேம்மா" என்றாள் கெசையா. அந்த நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது.

மறுபடி தட்டல். உள்ளங்கை. பிறகு அந்த மூச்சு.

ஜேபஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். "பதில் சொல்லுடி," என்றான் மெதுவாக. "சொன்னா போயிடும்."

"அப்ப உங்களுக்கும் கேக்குதா? எத்தன நாளா?"

"சொல்லித் தொலை!"

அவள் சொல்லவில்லை. இன்றைக்கும் சொன்னால் இனி ஹானாவின் முகத்தில் எப்படி விழிப்பது? விளக்கை எடுத்தாள். தாழ்ப்பாளை நீக்கினாள்.

வாசலில் யாரும் இல்லை. படியில் ஈரம். சேற்றில் எதையோ இழுத்துக்கொண்டு போன தடம், பக்கத்து வீட்டை நோக்கி.

அங்கே தட்டல். உள்ளேயிருந்து டார்கஸின் குரல், "எல்லாம் நலம், ஐயா."

அடுத்து கொல்லன் வீடு. "எல்லாம் நலம், ஐயா."

அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. தினமும் சொல்லிப் பழகிய குரல்கள், ஒன்றுகூடத் தடுமாறவில்லை. நான் மட்டும் இல்லை என்று ஒரு நொடி கெசையாவுக்கு நிம்மதி வந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்கே உடம்பு கூசியது.

கடைசி வீடும் பதில் சொல்லி முடித்தது.

அமைதி. கூரை சொட்டுவதுகூட நின்றிருந்தது.

பனிக்குள், தரையோடு தரையாக, ஏதோ திரும்பியது. சந்து முழுக்க ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது.

"சாத்துடி!" ஜேபஸ் அலறினான். "கெசையா, சாத்து!"

அவள் சாத்தவில்லை.

சேற்றில் ஒரு கை பதிந்தது. பிடுங்கிக்கொண்டு எழுந்தது. மறுபடி பதிந்தது. விளக்கு வெளிச்சத்துக்குள் முதலில் விரல்கள் வந்தன. பிறகு ஒரு பக்கம் அமுங்கிப்போன தலை. அது அவள் காலடியில் வந்து நின்று, முகம் இருக்க வேண்டிய இடத்தை மெல்ல மேலே தூக்கியது.