கயிற்றில் ஏறி வந்த வாளி

மணி அடித்தது. தமிழ்மணி ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி பால்கனிக்கு வந்து கயிற்றை மேலே இழுத்தாள். ரங்கூனில் மாடி வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு கயிறு உண்டு. பால்கனிக் கம்பியிலிருந்து தெரு வரைக்கும் தொங்கும். மேலே ஒரு மணி, கீழ்முனையில் ஒரு கிளிப். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். ரொட்டிக்காரர் பொட்டலத்தை மாட்டிவிட்டுப் போவார். விருந்தாளி வந்தால் சாவியை மாட்டி இறக்கினால் போதும், அவரே படிக்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஏறி வந்துவிடுவார். மூன்று மாடி இறங்கி ஏற யாருக்கு முழங்கால் இருக்கிறது?

கிளிப்பில் ஒன்றும் இல்லை. ஆனால் கயிறு நனைந்திருந்தது.

மழைக்காலம் முடிந்து தெருவெல்லாம் புழுதி பறக்கிற தை மாதம். கையை மோந்து பார்த்தாள். ரங்கூன் ஆற்றங்கரையில், அலோனில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஆற்று வாசனை தெரியாதா என்ன. சேறும் டீசலும் படகுத்துறைக் கருவாடும் கலந்து மூக்கில் ஏறும். இது அது இல்லை. குளிர்ந்த, சுத்தமான உப்பு வாசனை. கடல் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் தான் கடலையே பார்த்ததில்லை என்பது ஞாபகம் வந்தது. பார்த்ததில்லை, எழுதியிருக்கிறாள்.

"நசீர் பாய், யாரு கயித்த இழுத்தது?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

கீழே வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த நசீர் நிமிர்ந்தார். "யாரும் வரலியேம்மா. நான் இங்கதான குந்தியிருக்கேன்."

மின்சாரம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கூடத்தில் மகள் சூ சூ, சார்ஜ் விளக்கின் வெளிச்சத்தில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஆறு வயது. கன்னத்தில் காலையில் அரைத்துப் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்து காய்ந்து உதிர்ந்திருந்தது. அப்பா கோ தெட் மலேசியாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

தமிழ்மணிக்கு வேலை ஊர்களைப் பற்றி எழுதுவது. பபேடான் பகுதியில் பிரேம்நாத் என்பவர் நடத்தும் சின்ன அலுவலகம் அது. அமெரிக்காவில் வீடு விற்கிற இணையதளங்களுக்கு இங்கிருந்து எழுதிக் கொடுப்பார்கள். எந்த டவுன்ஷிப்பில் பள்ளிக்கூடம் நன்றாயிருக்கும், எங்கே நாய் வளர்க்கலாம், எந்த ரயில் எத்தனை மணிக்கு. அலோனும் டவுன்ஷிப்தான், ஆனால் அலோனைப் பற்றி யாரும் கேட்டதில்லை. பீலிக்கான் கோயில் தீமிதிக்குப் போனதைத் தவிர ஊர் எல்லையைத் தாண்டாதவள், அமெரிக்கக் கடற்கரை ஊர்களை உள்ளங்கை ரேகை போலத் தெரிந்து வைத்திருந்தாள்.

அவற்றில் ஹார்லன் ஷோர் அவளுக்குச் செல்லம். வெள்ளையடித்த மர வீடுகள், கடலோரமாகப் பலகை பாவிய நடைபாதை, கோடை முடிந்தால் மூடிவிடுகிற ஐஸ்கிரீம் கடை, தீயணைப்பு நிலையத்துக்காரர்களே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குத் தோசை மாதிரி ஒன்று சுட்டுப் போடுவது. ஆசை ஆசையாக எழுதினாள். ஆங்கர் தெருவின் கிழக்குக் கோடியில் பெரிய ஓதத்தின்போது கடல் தண்ணீர் ஏறும் என்பதையும் எழுதினாள்.

"தங்கச்சி, வீடு விக்கிற எடத்துல தண்ணியப் பத்தி எதுக்கு? எடுத்துடு," என்றார் பிரேம்நாத். எடுத்துவிட்டாள்.

அதோடு போயிருந்தால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள். ஆனால் அந்தத் தளத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தட்டுவதும் அவள்தான். ஒரு நாள் ஒரு பெண் கேட்டாள். ஆங்கர் தெருவில் கிழக்குக் கோடி வீட்டைப் பார்த்திருக்கிறோம். என் மகளுக்கு ஆறு வயது. மணல் அள்ளி விளையாடுகிற அவள் வாளியை வாசலிலேயே வைக்கலாமா, எதுவும் அடித்துக்கொண்டு போகாதே?

தமிழ்மணிக்குத் தெரியும். அழித்த வரி கண்ணுக்குள்ளேயே நின்றது. இருந்தும், தாராளமாக வைக்கலாம், அந்தத் தெருவில் வாசற்படியைத் தண்ணீர் தொட்டதே இல்லை என்று பதில் போட்டாள். யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. பக்கத்தில் சூ சூ பசிக்கிறது என்று சிணுங்கிக்கொண்டிருந்தாள், அந்தப் பதில் சுலபமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். கடைசியில் ஒரு சிரிக்கிற முகத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

ஐப்பசியில் அங்கே புயல் அடித்தது. செய்திப் படத்தில் ஆங்கர் தெரு என்ற பலகை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கிழக்குக் கோடி வீட்டில் தாயும் ஆறு வயது மகளும் இறந்துபோனார்கள் என்று கீழே போட்டிருந்தது. பிரேம்நாத் அந்தப் பக்கத்தைத் தூக்கிவிட்டு, "நாம என்ன கடலையா அனுப்பிச்சோம்?" என்றார். தமிழ்மணி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சூ சூவைக் குளிப்பாட்டும்போது அவள் தலையில் தண்ணீர் ஊற்றக் கை வராமல் நிற்கும்.

மறுபடியும் மணி அடித்தது.

இந்தத் தடவை கயிறு கனத்தது. கம்பியில் உரசி உரசி ஏறியது. ஏற ஏற உப்பு வாசனை முன்னால் வந்தது, அதற்குப் பின்னால் ஒரு சத்தமும் வந்தது. தூரத்தில் பெரிய கூட்டம் ஒன்று ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து, நிறுத்தி, நீளமாக விடுகிற மாதிரி இருந்தது. துறைமுகத்து லாரியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். லாரி நின்று நின்றா ஓடும்?

கிளிப்பில் ஒரு வாளி தொங்கியது. ஊதா நிற பிளாஸ்டிக் வாளி, குழந்தைகள் வைத்து விளையாடுவது. பாதி வரைக்கும் ஈர மணல். ஆற்று வண்டல் இல்லை, வெளுத்த, நைஸான மணல். அதில் சின்ன விரல்கள் அழுத்திய தடம் இன்னும் கலையாமல் இருந்தது.

"அமே, எனக்கா?" சூ சூ பின்னாலேயே வந்து நின்றாள். அம்மாவை அவள் பர்மிய மொழியில்தான் கூப்பிடுவாள்.

"தொடாத."

வாளியை அப்படியே கீழே இறக்கினாள். கயிறு தெருவைத் தொடுமுன் யாரோ வாங்கிக்கொண்டது போல் கனம் விட்டுப்போனது. எட்டிப் பார்த்தாள். நசீர் டார்ச் அடித்துக் காட்டினார். கிளிப் காலியாக ஆடியது.

"ஒண்ணும் வரலியேம்மா. என்னா தேடுற?"

உள்ளே போய் அடுப்படி ஜன்னலருகே நின்று பிரேம்நாத்தைக் கூப்பிட்டாள். லைன் கிடைக்கவில்லை. கோ தெட்டையும் கூப்பிட்டாள். கிடைக்கவில்லை. கிடைத்தால்தான் என்ன சொல்வது? தெரிந்தே ஒரு பிள்ளையைத் தண்ணீரில் குடிவைத்தேன் என்றா? மூன்று மாதமாகத் தொண்டையில் நின்றதை இனி விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. சூ சூவைத் தூக்கிக்கொண்டு நசீர் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடலாம். மனுஷர் முகத்தைப் பார்த்துக்கொண்டாவது இருக்கலாம்.

சாவி பால்கனி ஆணியில் இல்லை.

"சூ சூ, சாவி எங்க?"

"எறக்கிட்டேன்." படத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "நீ அடுப்படிக்குப் போனப்ப மறுபடி மணி அடிச்சுதுல்ல. கீழ அந்த பாப்பா கேட்டுச்சு."

"எந்த பாப்பா?"

"வாளி வெச்சிருந்துச்சே. அவங்க அமேயும் இருக்காங்க. யே எல்லாம் சொட்டுது, பாவம். நனைஞ்சு போயி நிக்கிறாங்க."

தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறார்களாம். கீழே படிக்கட்டின் இரும்புக் கதவு கிரீச்சிட்டு முழுதாகத் திறந்தது.

முதல் மாடியில் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் இல்லை. ஒரு படியில் தண்ணீர் வந்து அறைந்து, பின்வாங்கி, அடுத்த படியில் அறைகிற சத்தம். நடுவில் மூச்சு விடுகிற இடைவெளி. அதற்குள் பிளாஸ்டிக் ஒன்று சுவரில் இடித்துக்கொண்டே வந்தது.

டொக்.

இரண்டாம் மாடி.

டொக்.

கதவுத் தாழ்ப்பாளைப் போட்டாள். கோ தெட்டின் லுங்கியை எடுத்துக் கதவிடுக்கில் திணித்தாள். லுங்கி கறுத்தது. கைக்கடியில் சில்லென்றது. சார்ஜ் விளக்கு மங்கி, அணைந்தது. இருட்டு. உப்பு. மூச்சு.

கதவுக்கு வெளியே வந்து நின்றது.

நெற்றியைக் கதவில் வைத்தாள். பொய்யை இங்கிலீஷில் சொன்னவளுக்கு உண்மை தமிழில்தான் வந்தது.

"வைக்கக் கூடாது," என்றாள். "வாளிய அங்க வைக்கக் கூடாது. அங்க தண்ணி வரும். எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் சொன்னேன். சோறாக்கப் போற அவசரத்துல சொல்லிட்டேன். என்னயத்தான் கேக்கணும். எம் புள்ளைய உட்டுடு தாயீ."

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. அலையும் நின்றது. தமிழ்மணி அப்படியே உட்கார்ந்து அழுதாள். எத்தனை நாளாக அழவேண்டிய அழுகை.

மின்சாரம் வந்தது. எப்போதும் போலத் தெரு முழுக்கப் பிள்ளைகள் "மீ லா பி", கரண்ட் வந்துடுச்சு என்று கூச்சல் போட்டார்கள். எதிர் மாடியில் டிவி பாட ஆரம்பித்தது. குழல் விளக்கு கண்ணைச் சிமிட்டி எரிந்தது. தரை காய்ந்திருந்தது. லுங்கியில் ஈரமே இல்லை. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

"சூ சூ," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டாள். கூடத்தில் காகிதமும் கலர் பென்சிலும் கிடந்தன.

பிள்ளை பால்கனியில் உட்கார்ந்திருந்தாள், முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு. மடியில் ஊதா வாளி. அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். இங்கிலீஷில் பத்து வார்த்தைகூடத் தெரியாத சூ சூ, திக்காமல் திணறாமல், அழகான இங்கிலீஷில் கேட்டாள்.

"இதை வாசலிலேயே வைக்கலாமா? எதுவும் அடித்துக்கொண்டு போகாதே?"

தமிழ்மணி பால்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

விளக்கு வெளிச்சத்தில் தெருவின் மாடிக் கயிறுகள் எல்லாம் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தன. இந்த வீட்டுக் கயிறு மட்டும் தொங்கவில்லை. பால்கனிக்கு வெளியே, சூ சூவின் தலைக்கும் மேலே படுக்கைவாட்டில் மிதந்தது. அதன் நுனியில் சாவி மெதுவாக ஏறியது, இறங்கியது. சூ சூவின் தலைமுடியும் தோளைவிட்டு எழுந்து, முகத்தைச் சுற்றி, மெதுவாக அலைந்துகொண்டிருந்தது.