சிவப்புத் தினை

கூண்டுக்குள் சத்தமே இல்லை. சோலையப்பன் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான். சில்லைக் குருவிகள் காலை மேலே நீட்டிக் கிடந்தன. கீழ்த்தட்டில் வெள்ளெலி ஜோடி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து விறைத்திருந்தது. வாயோரமெல்லாம் சிவப்பு.

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. இலுப்பூரில் விதைக்கடைக் கணக்குப்பிள்ளை அவன். பூச்சி அரிக்காமலிருக்கச் சிவப்பு மருந்து புரட்டிய விதைத்தினையை, ஓசிதானே என்று ஒரு டின் அள்ளி வந்து முதல்நாள் தீனியாகப் போட்டிருந்தான். 'விஷம், விதைக்க மட்டும்' என்று சாக்குகளில் எழுதுவதும் அவன்தான். தன் கையெழுத்தைத் தானே படிக்காத மேதாவி.

நெடுங்காலம் பிள்ளையில்லாத அவன் மனைவி செவந்தி, விராலிமலைத் தேருக்குப் போனபோது வாங்கிவந்து பிள்ளைகளாக வளர்த்தவை அவை. இப்போதுதான் அவள் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. மாசமாக இருப்பவளிடம் எப்படிச் சொல்வது? அவள் எழுவதற்குள் எல்லாவற்றையும் கொல்லை முருங்கையடியில் புதைத்தான். தினையை எறிய மனம் வராமல் டின்னை அரிசிப்பானைக்குப் பின்னால் தள்ளினான்.

"எங்கங்க எம்புள்ளைக?"

"பூனை தூக்கிருச்சு."

"அத்தனையுமா?"

"பெரிய பூனை புள்ள."

அவள் அழவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை வந்ததும் அடுப்பிலிருந்த கொதிகஞ்சியை அதன் முதுகில் ஊற்றிவிட்டு, அது அலறிப் புரள்வதைக் கடைசிவரை நின்று பார்த்தாள்.

"எனக்குக் கஞ்சி மிச்சமிருக்கா?" என்று சோலையப்பன் சிரிக்க வைக்கப் பார்த்தான்.

அதன்பின் விளக்கு வைக்கும் வேளையெல்லாம் ஒரு சத்தம் கேட்டது. ஓட்டுக்கூரையில் மழை சளசளத்தாலும், அரிக்கேன் புகையும் ஈரச் சாக்கு நாற்றமும் வீட்டை அடைத்துக் கிடந்தாலும், அவற்றுக்கு அடியில் எங்கோ சின்னஞ்சிறு அலகுகள் தினையை ஓயாமல் உடைத்து உமியைத் துப்பும் சத்தம்.

"என்ன சத்தம் செவந்தி?"

"மழைங்க."

காலையில் காலிக் கூண்டுக்கடியில் உமி கிடக்கும். சிவப்பு உமி. எலியாக இருக்கும், தின்று சாகட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். எலி எதுவும் சாகவில்லை. டின்னில் தினை மட்டும் இறங்கிக்கொண்டே போனது. முருங்கையடியைத் தோண்டிப் பார்த்தான். ஒரு இறகுகூட இல்லை.

அன்று மாலை மழை சட்டென்று நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

விளக்கைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான். செவந்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் டின்.

"ஐயோ, அதத் திங்காத! விஷம் அது! பூனையில்ல புள்ள, நாந்தான் போட்டேன்!"

"தெரியும்ங்க."

திரும்பினாள். வாயைத் திறந்து காட்டினாள். சிவந்த நாக்கு. வேறொன்றுமில்லை. அவள் எதையும் மென்றுகொண்டிருக்கவில்லை.

சத்தம் கேட்டது.

விளக்கு கீழே இறங்கியது. அவள் வயிற்றில் சேலை அசைந்தது. ஓரிடத்தில். இன்னோரிடத்தில். ஊசிமுனைபோல் உள்ளிருந்து துணியைத் தூக்கித் தூக்கி.

"செவந்தி... நம்ம புள்ள?"

"அத எம்புள்ளைக தின்னு முடிச்சிருச்சுங்க. அதான் இப்ப தினை கேக்குதுக" என்று சொல்லி, அடுத்த பிடியை வாயில் போட்டுக்கொண்டாள்.